சிறுநீரகச் சிகிச்சையின் வழிகளை நேரகாலத்தோடு, தமிழில் விளக்குங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக தினமாக வந்துபோகும் ஒவ்வோர் ஆண்டும், வன்னியின் கிணறுகளைப் பற்றியும் கிராமங்களில் அமைக்கப்பட்ட குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றியும் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுகின்றன. எழுதத்தான் வேண்டும். ஆனால் நோய் ஏற்கனவே வந்துவிட்ட ஒருவருக்கு என்னென்ன சிகிச்சை வழிகள் உள்ளன, அவற்றில் எதற்கு எவ்வளவு காலம் முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும், எது அவருடைய வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒத்துவரும் என்பவை பற்றி அதில் காற்பங்குகூட எழுதப்படுவதில்லை. நான் நோய் வந்துவிட்டவன். விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது கிழமைக்கு இரண்டு நாள் நெடுங்கேணியிலிருந்து விடியற்புற பஸ்ஸில் புளியங்குளம் சந்திக்கு வந்து, அங்கே பஸ் மாறி ஏறிப் போய், நான்கு மணி நேரம் டயலிசிஸ் இயந்திரத்தோடு இணைந்திருந்துவிட்டுப் பின்னேரம் வீடு திரும்புகிறேன். இயந்திரத்தின் அருகே படுத்திருக்கும் நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிப் பேசி நான் அறிந்துகொண்டவற்றில் பெரும்பகுதி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மேசைக்கு எதிரே இருத்தி எனக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டியவை. அதனால்தான் இக்கடிதம்.

நோயின் காரணம் பற்றி நீண்ட விவாதம் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 1990களில் வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா போன்ற இடங்களின் விவசாயிகளிடையே கண்டறியப்பட்ட, சலரோகமோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவர்களையும் பிடிக்கின்ற அந்தச் சிறுநீரக நோய், மாகாண எல்லையைப் பார்த்து நின்றுவிடவில்லை. வவுனியா மாவட்டமும் முல்லைத்தீவின் சில பகுதிகளும் அதற்குள் அடங்கின. கிணற்று நீரின் வன்மை, புளோரைட்டு, காட்மியம், ஆர்செனிக், விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் வற்ற உழைப்பது என்று பல சொல்லப்பட்டன. களைநாசினியான கிளைபோசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் இதுதான் காரணம் என்று எந்த ஒன்றும் இன்றுவரை நிறுவப்படவில்லை. மருந்தடிக்கும் முறையை வரம்பில் நின்று ஊர்மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இந்த விவாதம் என் நித்திரையைக் கெடுப்பது உண்டு. ஆனால் எனக்கு வந்தது அதனாலா, பல ஆண்டுகள் கவனியாமல் விட்ட பிரசரினாலா என்பது தெளிவாகும்வரை நோய் காத்திருக்கப் போவதில்லை. எதனால் வந்தாலும், சிறுநீரகம் குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே போன பின் எஞ்சுகின்ற வழிகள் எல்லாருக்கும் ஒன்றே.

எனது கிளினிக் கொப்பி இதை எழுதும்போது மேசையில் திறந்தபடி கிடக்கிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு பதிவு. ஒரு பக்கத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய குருதிக் கழிவான கிரியேட்டினின் 2.1; ஓராண்டு கழித்து 3.4, அதற்குப் பின் எட்டு மாதத்தில் 4.6. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பேனையால் வட்டமிட்ட இன்னோர் எண்: 35, 20, 13. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் குருதி நீரை வடிக்கின்றன என்பதன் மதிப்பீடே அந்த வட்டமிட்ட எண் என்பதும், நோயாளியின் விளக்கத்துக்காக அதை நூற்றுக்கு இவ்வளவு வேலை மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதும், 30 இற்குக் கீழ் போனால் நோயின் நான்காம் நிலை, 15 இற்குக் கீழ் போனால் ஐந்தாம் நிலை என்பதும் அது 13 ஆன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. மழைமானியில் மில்லிமீற்றர் வாசித்து ஆண்டுக்கணக்கில் பதிந்தவன் நான். எண் இறங்குவதைக் கண்டு, இம்முறை சிறுபோகத்துக்குக் குளத்தை நம்ப வேண்டாம் என்று ஊருக்குச் சொன்னவன். என்னுடைய கொப்பியில் எண் இறங்கியபோது, 'கிளினிக் போட்டாச்சு, அடுத்த திகதி தந்தாச்சு' என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்து கொப்பியை அலுமாரியில் வைத்தேன். எழுதியவரும் விளக்கவில்லை; நானும் கேட்கவில்லை.

இடையில் ஒரு முறை தனியார் ஆய்வுகூடத்தில் குருதி கொடுத்தபோது 186 என்று அறிக்கை வந்தது. என் மனைவி அதைச் சீனி என்று எண்ணி இரண்டு கிழமை எனக்கு வெறுந்தேநீர் தந்தார். உண்மையில் 2.1 உம் 186 உம் ஒரே அளவு, முன்னது டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு, பின்னது லீற்றருக்கு மைக்குரோமோல் கணக்கு, முன்னதை 88.4 ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கிளினிக் வரிசையில் நிற்கின்ற எத்தனை பேர் ஓர் இடத்தில் 2 உம் இன்னோர் இடத்தில் 180 உம் கண்டு, நோய் தொண்ணூறு மடங்கு கூடிவிட்டதென்று குலைந்துபோயிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

பின்னர் ஒரு மார்கழி இரவு. கால் வீங்கி, உடம்பெல்லாம் கடித்து, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டி, கடைசியில் படுக்க முடியாமல் மூச்சு முட்டியபோது ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். கழுத்து நாளத்தில் ரியூப் போட வேண்டும் என்றார்கள். நீட்டப்பட்ட படிவம் நாங்கள் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்கவில்லை. "ரத்தம் கழுவப் போகினம் ஐயா, பிள்ளையைக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ" என்று ஒரு சிற்றூழியர் சொன்னதே எனக்குக் கிடைத்த முழு விளக்கம். மகள் கையெழுத்து வைத்தாள். உயிரைக் காத்தார்கள், அந்த இரவில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் நான் கடன்பட்டவன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வழி. எண் 20 ஆக இருந்தபோது நான்கு இருந்தன.

அந்த நான்கையும், எனக்குப் புரிந்த அளவில், இப்போது 20 இலும் 25 இலும் நிற்கின்ற வாசகருக்காகச் சொல்ல விரும்புகிறேன். எது யாருக்குப் பொருந்தும் என்பதை அவரவர் வைத்திய நிபுணரே சொல்ல வேண்டும். நான் சொல்வது, அவரிடம் போய் எதைக் கேட்பது என்பதை மட்டும்.

எங்கள் ஊரில் எல்லாரும் அறிந்தது இயந்திரம். குருதியை வெளியே எடுத்து, வடிகட்டியினூடாக ஓடவிட்டுத் திரும்ப உடலுக்குள் அனுப்பும் முறை. கிழமைக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்பது பொதுவான அளவு. எனக்குக் கிடைப்பது இரண்டு. ஒரு தடவைக்கு மட்டும் ஏறத்தாழ 120 லீற்றர் மிகச் சுத்தமான நீர் அந்த வடிகட்டியின் மறுபுறமாக ஓடுகிறது என்று அறிந்தபோது, வன்னியில் இயந்திரத்தை வாங்கி வைப்பதைவிட அதற்கு நீர் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது விளங்கியது.

இந்த வழியில் போகப்போகிறவருக்கு நேரத்தோடு செய்யப்பட வேண்டிய காரியம் ஒன்று உண்டு. முன்கையில் நாடியையும் நாளத்தையும் ஒரு சிறு சத்திரசிகிச்சையால் இணைத்துவிடுகிறார்கள், பிஸ்ரியூலா என்கிறார்கள். நாடியின் வேகத்தில் குருதி பாய்ந்து அந்த நாளம் பருத்துத் தடித்து ஊசி ஏற்கும் பக்குவத்துக்கு வர ஆறு கிழமை முதல் மூன்று மாதம்வரை செல்லும். இப்போது என் இடது மணிக்கட்டில் விரல் வைத்தால் மடியில் கிடக்கும் பூனை உறுமுவது போன்ற ஓர் அதிர்வு தெரியும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். நின்றுபோனால் அன்றைக்கே ஓட வேண்டும். இதை முன்கூட்டியே செய்திருந்தால் கழுத்து ரியூப்பும், அதில் கிருமி தொற்றி நான் காய்ச்சலோடு கிடந்த பதினொரு நாளும் இல்லாமற் போயிருக்கும். இன்னுமொன்று: எண் இறங்கத் தொடங்கியவர், எழுதும் கையல்லாத மற்றக் கையின் நாளங்களைக் காத்துக்கொள்ள வேண்டும். சேலைன் ஏற்றவோ குருதி எடுக்கவோ எழுதும் கையின் புறங்கையைத்தான் நீட்ட வேண்டும். எனக்கு இது தெரியாது. வார்டில் நின்ற நாட்களில் இரண்டு கையையும் சளைக்காமல் நீட்டினேன். பிஸ்ரியூலா போட நாளம் தேடியவர் பட்ட பாடு அதனால் வந்தது.

இரண்டாவது வழியைப் பற்றி எங்கள் பகுதியில் பேச்சே குறைவு. வயிற்றறைக்குள் ஒரு மென்மையான ரியூப்பை வைத்து, இரண்டு லீற்றர் மருந்துநீரை உள்ளே விட்டு, நாலைந்து மணி நேரம் வைத்திருந்து வெளியே வடித்து, புதிதாய் மீண்டும் விடுவது. கழிவுகளை வயிற்றின் உட்சவ்வே வடிகட்டிக் கொடுக்கிறது. நாளொன்றுக்கு நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் அல்லது சற்றுக் கூட. இயந்திரம் இல்லை, மின்சாரம் வேண்டாம், குத்தும் ஊசி இல்லை, கிழமைக்குக் கிழமை பஸ் இல்லை. கிளினிக்குக்கு மட்டும் போனால் போதும். ரியூப் வைத்தபின் ஏறத்தாழ இரண்டு கிழமை புண் ஆறவிட வேண்டும் என்பதால் இதற்கும் முன்யோசனை தேவை.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் தையல் வேலை செய்யும் ஒரு தங்கச்சி இந்த முறையில் இருக்கிறார். அவருடைய வீட்டுக்கு நான் போனது என் அறியாமையைத் தீர்த்துக்கொள்ளத்தான். பிள்ளைகளுக்கு ஏணை கட்டிய அதே வளையில் ஒரு கொழுக்கி. அதில் மருந்துநீர்ப் பை தொங்குகிறது. கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வாய்க்கவசம் போட்டு, முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, கையைக் காயவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் இணைப்பைப் பொருத்தினார். வடிந்து நிறைந்த பையைப் பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாள் ஒன்றின் மேல் வைத்து அதனூடாக எழுத்தை வாசித்தார். "பேப்பர் எழுத்துத் தெரிஞ்சால் எனக்குப் பயமில்லை ஐயா. மங்கலாத் தெரிஞ்சால் அண்டைக்கே ஆசுப்பத்திரி" என்றார். நீர் கலங்குவது வயிற்றறையில் கிருமி தொற்றியதன் முதல் அறிகுறி. வயிற்றுநோவும் காய்ச்சலும் அதன் பின்னால் வரும். தங்கள் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்பதைத் தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள்.

குறைகளும் உண்டு. மாதத்துக்கு 120 பை. கனத்தில் 240 கிலோவுக்குக் குறையாது. அந்தப் பெட்டிகளை வீதியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். கறையானும் எலியும் அண்டாதபடி பலகை அடித்து உயர்த்தி வைக்க இடம் வேண்டும். குளத்தில் முழுகக் கூடாது. வடியும் நீரோடு புரதமும் போவதால் முட்டையும் மீனும் கூடுதலாக உண்ண வேண்டும். போர்க்காலத்தில் வயிற்றில் காயம்பட்டு, நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறுவரை தையல் போட்டவர்கள் எங்களிடையே பலர்; உள்ளே குடல் ஒட்டிக் கிடந்தால் அவர்களுக்கு இந்த முறை சரிவராமல் போகலாம். இவையெல்லாம் ஒருவரை இருத்திக் கேட்டறிய வேண்டிய சங்கதிகள். தாதி ஒருவர் வீட்டைப் பார்த்து, கிணறு எங்கே, கழிப்பறை எங்கே, கோழி உள்ளே வருமா என்று கேட்டறிந்து முடிவுசெய்ய வேண்டிய சங்கதிகள்.

மூன்றாவது, மாற்றுச் சிறுநீரகம். பொருந்தி வந்தவருக்கு இதுவே மற்றெல்லாவற்றையும் விட நல்ல வாழ்வு தருகிறது. டயலிசிஸ் தொடங்கு முன்னரே செய்துகொள்ளவும் முடியும் என்பது பலருக்குத் தெரியாது. பொருத்திய சிறுநீரகம் பத்து, பதினைந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைக்கலாம். ஆனால் உடல் அதை அந்நியமென்று தள்ளாதிருக்க வாழ்நாள் முழுவதும் வேளை தவறாமல் குளிசை எடுக்க வேண்டும், தொற்றுக்கு அஞ்சி நடக்க வேண்டும். கொடுப்பவரைப் பற்றி எங்கள் ஊரில் உலாவும் பேச்சு ஒன்று இருக்கிறது: கொடுத்தவன் பிறகு மண்வெட்டி பிடிக்க மாட்டான் என்று. இரண்டும் நலமென்று பரிசோதித்து உறுதிப்படுத்தப்பட்டவர் ஒன்றைக் கொடுத்தால் மற்றது தன் வேலையைக் கூட்டிக்கொள்கிறது. சத்திரசிகிச்சைக் காயம் நன்றாக ஆறும்வரை சில கிழமைகள் பாரம் தூக்காதிருந்து, பிறகு வயலுக்கு இறங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும், அவ்வளவே. ஆனால் ஒரே கிணற்றில் குடித்து ஒரே வயலில் நின்ற சகோதரருக்கும் அதே நோய் மறைவாக இருக்கக்கூடும் என்பதால் எங்கள் பகுதியில் அந்தப் பரிசோதனை மிகக் கடுமையாக நடக்க வேண்டும்.

ஆனால் வன்னியில் கொடுப்பதற்கு யார் இருக்கிறார்கள்? என் மனைவிக்குச் சலரோகம். மூத்தவன் கனடாவில், கேட்டவுடன் வருகிறேன் என்றான், அவனுக்கும் இரண்டு சிறு பிள்ளைகள். தம்பி ஒருவன் இருந்தான். 2009 இல் இல்லாமற் போனான். இது என் வீட்டின் கதை மட்டுமென்று நான் நினைக்கவில்லை. அந்த வெறுமைக்குள்தான், ஆள் பிடித்துத் தருகிறேன், இத்தனை இலட்சம் ஆகும் என்று பேசுகிறவர்கள் நுழைகிறார்கள். மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உறுப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம். அதே சட்டம் இறந்தவரின் உறுப்பைப் பெற வழி விட்டிருக்கிறது. மூளைச்சாவடைந்தவரின் குடும்பத்தோடு அதைப் பற்றி மரியாதையோடு தமிழில் பேசத் தெரிந்தவர்கள் வைத்தியசாலைகளில் இருந்தால் பலர் இணங்குவார்கள் என்பது என் நம்பிக்கை.

நான்காவதைச் சொல்லத் தயக்கம் வேண்டியதில்லை. டயலிசிஸ் வேண்டாம் என்று தீர்மானித்து, மூச்சு முட்டலுக்கும் குமட்டலுக்கும் உடம்புச் சொறிவுக்கும் குருதிச்சோகைக்கும் மருந்து எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பதும் ஒரு சிகிச்சை வழி. என் பெரியம்மாவுக்கு வயது 84, இதயமும் பலவீனம். அந்த வயதில் வேறு நோய்களும் சேர்ந்திருக்கும்போது இயந்திரம் கூட்டித் தரும் ஆயுள் சொற்பமாகவே இருக்கலாம், அதிலும் பாதி பஸ்ஸிலும் வார்டிலும் போய்விடலாம் என்று ஒரு வைத்தியர் பொறுமையாக விளக்கினார். "எனக்கு உந்த ஓட்டம் வேண்டாமடா தம்பி, முத்தத்தில இருந்து போறன்" என்றார் பெரியம்மா. பதினான்கு மாதம் இருந்தார். கடைசிக் கிழமை தவிர வேப்பமரத்தடியில்தான் இருந்தார். கைவிட்டுவிட்டோம் என்று பிள்ளைகளை ஊர் பேசியது. வழி ஒன்றைத் தெரிவுசெய்தார் என்று ஊருக்குச் சொல்லக்கூடிய ஒரு கடதாசித்துண்டுகூட அந்தப் பிள்ளைகளிடம் இருக்கவில்லை.

இந்த நான்குக்கும் முன்னால், எண் இறங்கும் வேகத்தைக் குறைப்பது என்ற பெரிய வேலை இருக்கிறது. குருதியமுக்கத்தைப் பொதுவாக 130/80 அளவுக்குக் கீழே வைத்திருப்பது, வைத்தியர் தரும் லோசாட்டன் போன்ற குளிசைகளை விடாமல் எடுப்பது, சலரோகம் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது எல்லாம் அறிந்தவையே. அறியாதது நோவுக் குளிசை. அருவி வெட்டு முடிந்தால் இடுப்பு நோவு. இடுப்பு நோவென்றால் கடையில் டைக்குளோபினாக். கிருமிநாசினிப் போத்தலின் லேபலை வாசிக்காமல் தொடாதே என்று முப்பது ஆண்டு மற்றவர்களுக்குச் சொன்ன நான், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அந்தக் குளிசையை லேபல் பார்க்காமல் பத்து ஆண்டு விழுங்கினேன். அளவோடு எடுக்கும் பரசிற்றமோல் அந்த அளவுக்குத் தீங்கு செய்வதில்லை. நெருஞ்சில், சாரணைக் கசாயம் குடிப்பவர்களை நான் பழிக்கவில்லை. குடிப்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள், பொட்டாசியம் கூடி இதயம் நின்றுவிடக்கூடும் என்று மட்டும் சொல்கிறேன். இளநீரும் வாழைப்பழமும் இராசவள்ளியும் அதே கணக்கில்தான் வரும். நட்சத்திரப் பழம் சிறுநீரகம் கெட்டவருக்கு நஞ்சு. வயல்வெளி நோயைப் பொறுத்தவரை இன்னொரு கள்ளத்தனம் உண்டு: தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் அதிகம் கசிவதில்லை, பிரசரும் ஏறுவதில்லை, ஆகவே குருதியில் கிரியேட்டினின் பார்க்காமல் அகப்படாது.

"நிறையத் தண்ணி குடியுங்கோ" என்ற உபதேசத்தையும் யாருக்கு என்று கேட்காமல் சொல்கிறார்கள். வெயிலில் வேலை செய்யும் நலமான ஒருவருக்கு அது சரி. சிறுநீர் ஏறத்தாழ நின்றுபோன எனக்கு, காலையில் 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை மனைவி நிரப்பி வைப்பார். தேநீர், குளிசைக்கு மிடறு, கஞ்சி எல்லாம் அந்தப் போத்தலுக்குள்தான். வைகாசி மாதத்தில் பின்னேரம் நாலு மணிக்கு அதில் இரண்டு விரற்கடை மிச்சமிருக்கும். ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு முற்றத்துக் கிணற்றைப் பார்க்காமல் திரும்பி இருப்பேன்.

ஆகவே, சுகாதாரத் துறைப் பொறுப்பானவர்களிடம் தங்கள் பத்திரிகையினூடாக நான் கேட்பது புதிய கட்டடத்தை அல்ல. வட்டமிட்ட எண் 30 இற்குக் கீழே வந்த எவருக்கும், கிளினிக் நாளின் அமளியில்லாத வேறொரு நாளில், வீட்டார் ஒருவரும் கூட இருக்க, ஒரு மணி நேரம் தமிழில் இந்த நான்கு வழிகளும் விளக்கப்பட வேண்டும். வைத்தியர் தமிழ் அறியாதவராயின், வழியில் அகப்பட்ட சிற்றூழியரை அல்லாமல் பயிற்சி பெற்ற ஒருவரை மொழிபெயர்க்க அமர்த்த வேண்டும். விளக்கும் வேலையில், ஏற்கனவே அந்த வழியில் வாழும் நோயாளர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒட்டுசுட்டான் தங்கச்சி பத்து நிமிடத்தில் காட்டியதை எந்தத் துண்டுப்பிரசுரமும் எனக்குக் காட்டவில்லை. கொப்பியில் எண்ணுக்குக் கீழே, கையாலேயே, ஒரு வரி தமிழ் எழுதினால் போதும்: 'நூற்றுக்கு இருபது வேலை மிச்சம், அடுத்த முறை மகளையும் கூட்டி வரவும்' என்று. இடது கையில் ஊசி வேண்டாம் என்பதைக் கொப்பியின் மட்டையிலேயே சிவப்பு மையால் எழுதலாம். பிரதேச செயலகத்தினூடாகச் சிறுநீரக நோயாளருக்கென்று ஒரு மாதாந்தக் கொடுப்பனவு இருப்பதையும் அந்த மணி நேரத்திலேயே சொல்லிவிடலாம். எனக்கு அது தெரியவந்தது பஸ்ஸில் அருகே இருந்தவர் மூலம்.

ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். ஒரு கிளினிக்கில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை நான் அந்த வரிசையில் நின்றே பார்த்தவன். வைத்தியர்கள் மீது கோபமில்லை. ஆனால் ஆயத்தமில்லாமல் மூச்சு முட்டி வந்த என் ஒருவனுக்காக அந்த வைத்தியசாலை செலவழித்தது ஓர் இரவு முழுவதையும், பிறகு கிருமி தொற்றிய பதினொரு நாளையும்.

என்னுடைய கொப்பியின் அந்த இரண்டு வருடப் பக்கங்களைப் பெயரை மறைத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே அன்றைக்கு எனக்கு எது சொல்லப்பட்டிருக்க வேண்டுமோ அதைத் தமிழில் எழுதியும் இருக்கிறேன். ஒரு வைத்தியர் அதைப் பார்த்துத் திருத்தித் தந்தார். தமிழில் விளக்கத்தாள் தயாரிக்க விரும்பும் எந்த கிளினிக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோ கேட்டால் தரத் தயார். செவ்வாயும் வெள்ளியும் தவிர்ந்த நாட்களில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
நெடுங்கேணி.